எதிர்ப்பெட்டி

வால்பரைசோவில் மலையேறும் பெட்டிகள்
இரண்டிரண்டாகத்தான் பிழைக்கும்.
ஒன்று ஏற, மற்றது இறங்கும்.
நடுவழியில் ஒரு கணம்
இந்தப் பெட்டிக்காரர்கள் அந்தப் பெட்டிக்காரர்களைப் பார்ப்பார்கள்.
அவ்வளவுதான் உறவு.
மேல் நிலையத்தில் நெம்புகோல் பிடிப்பவள் நான்,
யாஸ்னா.
ஆறாம் மாதம்.

காலையில் இரண்டு ரத்தம் பார்க்கிறேன்.
விரல்நுனியில் ஒரு சொட்டு:
அதற்குக் கருவி உண்டு, நோட்டு உண்டு.
தேதி போட்டு எழுதுவேன்,
நூற்றுப் பதினெட்டு, நூற்று ஆறு,
மறுபடி நூற்றுப் பதினெட்டு.
இன்னொன்று தொட்டியில் விழும்,
பல் தேய்த்த நுரையோடு, இளஞ்சிவப்பாக.
அதற்கு நோட்டு இல்லை.
குழாயைத் திறந்தால் போய்விடும்.

டிக்கெட் கிழிக்கும் க்ளோரிந்தா சொன்னாள்:
"பிள்ளைக்கு ஒரு பல். அதுதான் கணக்கு.
எனக்கு நாலு."
வாயை ஆவென்று திறந்து காட்டினாள்,
கதவில்லாத நாலு ஜன்னல்.
அன்று முழுக்க என் வயிற்றை
வாசலில் நிற்கும் கடன்காரனைப்போலப் பார்த்தேன்.

கேட்டது மருத்துவச்சி எடெல்மிரா.
எண்களின்மேல் பேனாவை ஓட்டியபடி
ரொட்டியைக் குறைத்தாயா என்றாள். குறைத்தேன்.
நடக்கிறாயா என்றாள்.
இந்த ஊரில் நடக்காமல்?
கதவருகே போய்விட்டவளை நிறுத்தி,
"பல் தேய்க்கையில் ரத்தம் வருகிறதா?"
பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

பல் மருத்துவர் ஃப்ரேசியா என்னைவிடச் சின்னவள்.
சாப்பிட்டாயா, இன்சுலின் போட்டாயா,
விரலைக் காட்டு.
பஞ்சு டப்பாவுக்குப் பக்கத்தில்
ஆரஞ்சுச் சாறு ஒரு பொட்டலம்.
"உன் சர்க்கரை இறங்கினால் உனக்கு.
இறங்காவிட்டால் சாயங்காலம் எனக்கு."
நாற்காலியை முழுக்கச் சாய்க்கவில்லை.
வலது இடுப்புக்கடியில் துண்டைச் சுருட்டிச் செருகி
இடப்பக்கம் கொஞ்சம் ஒருக்களிக்க வைத்தாள்,
பிள்ளையின் பாரம்
பெரிய ரத்தக்குழாய்மேல் உட்காராதபடி.
கைக்கண்ணாடியில் என் ஈறுகள்:
பிளந்த அத்திப்பழத்தின் உட்புறம்.

"ஈறு வீங்கினால் சர்க்கரை அடங்காது.
சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு ஆறாது.
உனக்கு இதை எப்படிச் சொல்ல..."
"கம்பி," என்றேன் பஞ்சடைத்த வாயால்.
"என்ன?"
"ஒரே கம்பி. ரெண்டு பெட்டி."
புரிந்ததோ என்னவோ,
தலையாட்டிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள்.

திரும்பும் வழியில்தான் தோன்றியது
நான் சொன்னது தப்பென்று.
என் பெட்டிகளில் ஒன்று ஏற ஒன்று இறங்கும்.
இவை இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.
இப்படி ஒரு கம்பியை
எந்தப் பொறியாளனும் மாட்டமாட்டான்.
ஆனால் சேர்ந்து ஏறுபவை
சேர்ந்தே இறங்கவும் கூடுமே.

வாந்தி இன்னும் விட்டபாடில்லை.
முன்பு உடனே ஓடிப்போய்த் தேய்ப்பேன், வெட்கத்தில்.
இப்போது சோடா உப்பு நீரில் கொப்பளித்து
அரைமணிக்கு மேல் காத்திருக்கிறேன்.
புளிப்பில் ஊறிய பல்
ஈரம் காயாத சுவர், தொட்டால் உதிரும்.
மெத்தென்ற தூரிகை. இரவில் நூல்.
கடைசிக் கடைவாய்ப்பல் இடுக்கில் நூல் நுழையும்போது
உள்ளிருந்து ஓர் உதை.
உனக்கு என்னடா அவசரம்,
உனக்கு இன்னும் பல்லே இல்லை.

நோட்டில் கோடு கிழித்து
இரண்டாவது ரத்தத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினேன்.
செவ்வாய்: உண்டு.
புதன்: உண்டு.
வியாழன்: கொஞ்சம்.
வெள்ளி எழுதவில்லை, அலுப்பில் தேய்க்கவும் இல்லை.
சனி: உண்டு.
ஞாயிறு: கீழ்வரிசையில் மட்டும்.

க்ளோரிந்தா சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள்.
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்,
"வயிற்றில் பிள்ளை இல்லாதவளையும்
அந்தப் பெண் பார்ப்பாளா?"
கீழிருந்து மணி.
நெம்புகோலைத் தள்ளினேன்.
எதிர்ப்பெட்டி மூடுபனிக்குள்ளிருந்து
இன்னும் கண்ணில் படவில்லை.
"கேட்டுச் சொல்கிறேன்," என்றேன்.